இடையிட்ட சமநிலை: நாலு மீட்டர் கயிற்றில் ஒரு பரிணாமப் பாடம்

"பரிணாமம் மெதுவா நடக்கலையாமே, திடீர் திடீர்னு நடந்திருக்காம். அப்போ டார்வின் சொன்னது தப்பா சார்?"

உயிரியல் வகுப்பு எடுப்பவர்கள் எல்லாரும் இந்தக் கேள்வியை ஒரு தடவையாவது சந்தித்திருப்பார்கள். நீட் பயிற்சிக்குப் போகும் பிள்ளை கேட்கும், யூடியூப் பார்த்த அப்பாவும் கேட்பார். இதற்குப் பின்னால் இருப்பது பங்ச்சுவேட்டட் ஈக்விலிப்ரியம் என்ற கருத்து. 1972ல் நைல்ஸ் எல்ட்ரெட்ஜ், ஸ்டீவன் ஜே கூல்ட் என்ற இரண்டு அமெரிக்கத் தொல்லுயிரியலாளர்கள் முன்வைத்தது. தமிழில் இடையிட்ட சமநிலை என்று சொல்லலாம்.

கருத்து ஒன்றும் கடினமில்லை. ஒரு சிற்றினம் தோன்றிய பிறகு தன் ஆயுளின் பெரும்பகுதியைப் பெரிய மாற்றம் இல்லாமலே கழிக்கிறது. வடிவத்தில் வரும் மாற்றத்தில் பெரும்பங்கு, ஒரு சிற்றினத்திலிருந்து இன்னொன்று கிளைக்கும் குறுகிய காலத்தில் நடக்கிறது. அவ்வளவுதான். ஆனால் "குறுகிய காலம்" என்றால் எவ்வளவு, "மாற்றம்" என்றால் எவ்வளவு பெரியது என்ற இரண்டு அளவையும் சொல்லாமல் விட்டால், கேட்பவர் கட்டாயம் தவறாகத்தான் புரிந்துகொள்வார். அந்த இரண்டு அளவையும் மாணவர் கையிலேயே கொடுத்துவிடுவதற்கான பாடம் இது. ஒன்பதாம் வகுப்புக்கு மேல் யாருக்கும் எடுக்கலாம். இரண்டு பீரியட், அதாவது 90 நிமிடம் வேண்டும்.

தேவையானவை: நீளாத பருத்திக் கயிறு நாலரை மீட்டர், தையல்காரர் அளவு நாடா, கறுப்பு, சிவப்பு ஸ்கெட்ச் பேனா, சார்ட் பேப்பர் இரண்டு, பள்ளி ஆய்வகத்தில் இருக்கும் வெர்னியர் காலிப்பர், ஒரே வகைக் காலிச் சிப்பிகள் 40. நைலான் கயிறு வேண்டாம். இழுத்தால் நீளும், கணக்கு பிசகும்.

முதல் பத்து நிமிடம்: சொற்களைச் சரிசெய்யுங்கள்

இந்தக் கருத்தில் பாதிக் குழப்பம் நம் பாடநூல் சொற்களிலேயே இருக்கிறது. இதைத் தாண்டாமல் கயிற்றை எடுக்காதீர்கள்.

மியூட்டேஷனுக்கு நாம் வைத்திருக்கும் பெயர் சடுதிமாற்றம். சடுதி என்றால் திடீரென்று. பன்னிரண்டாம் வகுப்பில் ஹியூகோ டி விரீஸின் சடுதிமாற்றக் கோட்பாடு வேறு வருகிறது. அந்திமந்தாரை மாதிரி மாலையில் பூக்கும் ஈனோதெரா செடிகளைப் பார்த்து, ஒரே தாவலில் புது இனம் தோன்றும் என்று அவர் 1901ல் சொன்னார். இதைப் படித்த பிள்ளை "இடையிடையே வேகமான மாற்றம்" என்று கேட்டதும் இரண்டையும் ஒட்டிவிடும். பலகையில் இரண்டு பத்தி போட்டு எழுதுங்கள். டி விரீஸ் சொன்னது ஒரு தலைமுறையில் நடப்பது. எல்ட்ரெட்ஜும் கூல்டும் சொன்னது பல்லாயிரம் தலைமுறைகளில், சாதாரண மரபு வேறுபாடுகள் மேல் இயற்கைத் தேர்வு வேலை செய்து நடப்பது. மரபியலாளர் ரிச்சர்ட் கோல்ட்ஷ்மிட் 1940ல் பேசிய "நம்பிக்கை தரும் விகார உயிரி", அதாவது ஒரே பெரிய மாற்றத்தோடு பிறந்து புது வகைக்கு வழிதிறக்கும் உயிரி என்ற கருத்தையும் இதோடு சேர்த்துப் பேசுபவர்கள் உண்டு. 1977ல் கூல்டே கோல்ட்ஷ்மிட்டுக்குப் பரிந்து ஒரு கட்டுரை எழுதியதால் இந்தக் குழப்பம் கூடிப்போனது. ஆனால் அது தனி விவாதம், இடையிட்ட சமநிலையின் பகுதி அல்ல.

அடுத்தது "புது இனம்". தமிழில் இனம் என்பது எதற்கும் பொருந்தும். மீன் இனம், ஆட்டினம், மனித இனம். அதனால் புது இனம் தோன்றியது என்றதும் மீன் தவளையானது போன்ற காட்சி மனதில் ஓடும். சிற்றினம் என்றே சொல்லுங்கள். கூடவே ஜன்னலுக்கு வெளியே காட்டுங்கள்: கழுத்தில் சாம்பல் நிறம் உள்ள வீட்டுக்காகமும், உடம்பு முழுக்கக் கறுத்து அலகு தடித்த அண்டங்காக்கையும் ஒரே பேரினத்தின் இரண்டு சிற்றினங்கள். இந்தக் கோட்பாடு பேசுவது அந்த அளவு வித்தியாசத்தைப் பற்றித்தான். காகம் எப்படிப் பறவையானது என்பதைப் பற்றி அல்ல.

கயிறு

வகுப்பறைச் சுவர் போதாது என்றால் வராண்டாவில் கட்டுங்கள். நாலு மீட்டர் சரியாக அளந்து, இரண்டு முனையிலும் முடிச்சுப் போடுங்கள். இது 40 லட்சம் ஆண்டு வாழ்ந்த ஒரு சிற்றினத்தின் முழு ஆயுள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மீட்டர் பத்து லட்சம் ஆண்டு. ஒரு மில்லிமீட்டர் ஆயிரம் ஆண்டு. வலது முனை இன்று.

உடனே சிற்றினத்துக்குப் போகாமல், மாணவர்களுக்குத் தெரிந்த காலங்களை முதலில் குறிக்கச் சொல்லுங்கள். 1639ல் தொடங்கும் மதராசப்பட்டினத்தின் வரலாறு வலது முனையில் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு, பேனா முனையே அதைவிடத் தடிமன். சங்க இலக்கியம் இரண்டு மில்லிமீட்டர். சென்னையிலிருந்து சுமார் 60 கிலோமீட்டரில், கொசஸ்தலை ஆற்றுப் படுகையில் இருக்கும் அத்திரம்பாக்கத்தில் கிடைத்த பழைய கல் கோடரிகள் சுமார் 15 லட்சம் ஆண்டுப் பழையவை. அதைக் குறிக்க ஒரு பிள்ளை ஒன்றரை மீட்டர் நடந்து போக வேண்டியிருக்கும். அந்த நடைதான் பாடம். அவசரப்படுத்தாதீர்கள்.

இப்போது இடது முனையில் 4 சென்டிமீட்டரைச் சிவப்பால் பூசச் சொல்லுங்கள். ஒரு சிற்றினம் உருவாக எடுக்கும் காலம் அதன் பிந்தைய ஆயுளில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு இருக்கலாம் என்பது கூல்ட் பயன்படுத்திய தோராயக் கணக்கு. 40 லட்சத்தில் நூற்றில் ஒரு பங்கு 40,000 ஆண்டு, அதாவது 4 சென்டிமீட்டர். மீதி 396 சென்டிமீட்டர் கறுப்பு. "திடீர்" என்று எல்லாரும் சொல்வது அந்தச் சிவப்புத் துண்டை. அதற்குள் சங்க காலம் தொடங்கி இன்று வரையான காலம் இருபது முறை அடங்கும்.

அடுத்து இந்தக் கணக்கைப் பலகையில் போடுங்கள். ஒரு சிப்பி 20 மில்லிமீட்டரிலிருந்து 30 மில்லிமீட்டர் ஆகிறது, அதற்கு 40,000 ஆண்டு ஆகிறது. ஆண்டுக்கு எவ்வளவு? 10 வகுத்தல் 40,000, அதாவது 0.00025 மில்லிமீட்டர். உங்கள் கையில் இருக்கும் வெர்னியரின் மீச்சிற்றளவு 0.1 மில்லிமீட்டர். அந்த ஒரு கோடு நகர 400 ஆண்டு ஆகும். பாறையில் திடீர்ப் பாய்ச்சல் மாதிரி தெரிகிற மாற்றத்தை, அந்தக் கடற்கரையில் உட்கார்ந்து வாழ்நாள் முழுக்க அளந்தாலும் கண்டுபிடிக்க முடியாது. இந்தக் கணக்கை மாணவரே போட்டுப் பார்த்தபின் "ஒரே ராத்திரியில் மாறியதா" என்ற கேள்வி திரும்ப வராது.

இங்கே வழக்கமாக நடக்கும் ஒரு தவறு: சிவப்புப் பகுதியை வெட்டி எடுத்து, "இங்கே ஒரு இடைவெளி" என்று காட்டுவது. அப்படிச் செய்யாதீர்கள். அந்தக் காலத்திலும் தாய் தந்தை குஞ்சு என்று தலைமுறைத் தொடர் அறுபடவே இல்லை. நிறம் மாறலாம், கயிறு அறுபடக் கூடாது.

படத்தை எப்படிப் படிப்பது

புத்தகங்களில் வரும் படத்தைப் பார்த்துத்தான் பலர் தடம் மாறுகிறார்கள். ஒரு பக்கம் சாய்வாகக் கிளைக்கும் மரம், மறுபக்கம் செங்குத்தும் கிடையுமாக ஏணிப்படி மாதிரி ஒரு மரம். இயற்பியலில் தூரம்–நேரம் வரைபடம் போட்டுப் பழகிய பிள்ளைக்கு நேரம் எப்போதும் கிடைமட்ட அச்சில்தான். செங்குத்தாக ஏறும் கோடு என்றால் மாற்றம் எகிறுகிறது என்று அர்த்தம். தொல்லுயிரியல் படத்தில் எல்லாம் தலைகீழ். பாறை அடுக்கு கீழே பழையது, மேலே புதியது என்பதால் காலம் செங்குத்து அச்சில் போகிறது, வடிவ வேறுபாடு கிடை அச்சில். செங்குத்துக் கோடு என்றால் ஒன்றும் மாறவில்லை. கிடைக்கோடுதான் மாற்றம். இதைச் சொல்லாமல் படத்தைக் காட்டினால், வகுப்பில் பாதிப் பேர் நேர் எதிராகப் புரிந்துகொண்டு, புரிந்ததாகத் தலையாட்டுவார்கள்.

அதனால் படத்தை அச்சிட்டுக் கொடுக்காமல் வரையச் சொல்லுங்கள். சார்ட் பேப்பரில் 50 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரு செங்குத்துக் கோடு. அது 40 லட்சம் ஆண்டு. நடுவில் ஓரிடத்திலிருந்து வலப்பக்கம் ஒரு கிளை. கிளை 15 சென்டிமீட்டர் பக்கவாட்டில் போகும்போது எவ்வளவு மேலே ஏற வேண்டும்? 40,000 ஆண்டுக்கு 5 மில்லிமீட்டர். அளவுகோல் வைத்து வரைந்தால் அது கிடைக்கோடு இல்லை, லேசாகச் சாய்ந்த கோடு என்று தெரியும். புத்தகப் படம் சின்னதாக இருப்பதால்தான் அது படுத்துவிட்டது.

இன்னொன்றையும் கவனியுங்கள். கிளை பிரிந்த பிறகு பழைய கோட்டை நிறுத்திவிடக் கூடாது. தாய்ச் சிற்றினம் பெரும்பாலும் தொடர்ந்து வாழும். மாணவர்கள் பழையதை அழித்துவிட்டுப் புதியதை அதன் இடத்தில் போடுவார்கள். அப்படிப் போட்டால் அது ஒரு சிற்றினம் அப்படியே இன்னொன்றாக உருமாறும் படம், கிளைத்தல் அல்ல. "குரங்கு இன்னும் ஏன் இருக்கிறது" என்ற பழைய கேள்வியும் இந்தத் தப்பான படத்திலிருந்து பிறந்ததுதான். பரிணாமத்தோடு நாம் ஒட்டிவைத்த "வளர்ச்சி" என்ற சொல்லுக்கும் அதில் பங்குண்டு.

ஒரு கண்ணின் கதை

பழைய வடிவத்துக்கும் புதிய வடிவத்துக்கும் நடுவான இடைவடிவம் ஏன் பாறையில் கிடைப்பதில்லை என்பதற்கு எல்ட்ரெட்ஜின் டிரைலோபைட்டுகளையே சொல்லுங்கள். மரப்பேன் மாதிரி கண்டம் கண்டமாக உடல் கொண்ட கடல் விலங்குகள் இவை. அவர் ஆராய்ந்தது ஃபாகாப்ஸ் ரானா, ஏறக்குறைய 38 கோடி ஆண்டுப் பழையது. இதன் கண்ணில் லென்சுகள் செங்குத்து வரிசை வரிசையாக அடுக்கியிருக்கும். லென்சு கால்சைட் கனிமம் என்பதால் பாறையில் அப்படியே நிற்கும், எண்ணலாம். மேற்கே, அமெரிக்காவின் உட்பகுதியை மூடியிருந்த கடலின் படிவுகளில், 18 வரிசைக் கண் நீண்ட காலம் மாறாமல் வருகிறது. பிறகு அதன் இடத்தில் 17 வரிசைக் கண் வந்து நிற்கிறது. நடுவில் ஒன்றும் இல்லை. அங்கே மட்டும் தோண்டியவர் "திடீர்த் தாவல்" என்றுதான் சொல்வார். ஆனால் கிழக்கு ஓரத்தில், இன்றைய நியூயார்க் பக்கம், வரிசை எண்ணிக்கை ஒன்றுக்கொன்று மாறுபடும் விலங்குகள் ஒரே இடத்தில் கலந்து கிடைத்தன. மாற்றம் ஓரத்தில், சின்னக் கூட்டத்தில் நடந்திருக்கிறது. முடிந்தபின் பரவியிருக்கிறது.

தாம்பரம் நடைமேடையில் நிற்பவருக்கு மின்ரயில் வந்து நிற்பது மட்டும்தான் தெரியும். அது கடற்கரை நிலையத்தில் புறப்பட்டு வந்த வழி அவர் கண்ணில் படாது. இந்த உவமை சென்னைப் பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடும்.

ஓரத்தில் பிரிந்த சின்னக் கூட்டத்திலிருந்து புதுச் சிற்றினம் உருவாகும் என்பதை எர்ன்ஸ்ட் மையர் 1954லேயே எழுதிவிட்டார். எல்ட்ரெட்ஜும் கூல்டும் செய்தது, அது உண்மையானால் பாறையில் என்ன தெரிய வேண்டும் என்று கேட்டது. (அந்த டிரைலோபைட்டின் பேரினத்துக்கு இப்போது எல்ட்ரெட்ஜியாப்ஸ் என்றே பெயர்.)

சிப்பி: "மாறாமை" என்றால் என்ன

இதுதான் எல்லாரும் விட்டுவிடும் பகுதி. பெயரில் முதன்மைச் சொல் சமநிலை. நிறுத்தற்குறி போல இடையில் வருவதுதான் மற்றது. ஒரு நீண்ட வாக்கியத்தைப் பார்த்துவிட்டுக் கால்புள்ளியைப் பற்றி மட்டும் பேசுகிறோம்.

பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையில் காலையில் நடந்தால் விசிறி போல வரியோடிய காலிச் சிப்பிகள் கிடைக்கும். ஒரே வகையில் 40 எடுங்கள். உயிருள்ளதை எடுக்காதீர்கள். விளிம்பு உடைந்ததும் அலையில் தேய்ந்து வழுவழுப்பானதும் வேண்டாம், அளவு பொய்யாகும். வகுப்பில் நாலு பைகளில் பத்துப் பத்தாகக் கண்ணை மூடிக்கொண்டு போட்டு, பாறை அடுக்குகளாகப் பாவித்து அடுக்கு 1 முதல் 4 என்று பெயர் எழுதுங்கள்.

ஒவ்வொரு சிப்பியிலும் நீளம், உயரம் இரண்டையும் வெர்னியரில் அளந்து, நீளத்தை உயரத்தால் வகுக்கச் சொல்லுங்கள். நீளம் 26, உயரம் 20 என்றால் 1.30. நீளத்தை மட்டும் ஒப்பிட்டால் குட்டிக்கும் கிழத்துக்கும் உள்ள வயது வித்தியாசத்தைப் பரிணாமம் என்று எண்ணிவிடுவோம். விகிதம் அந்தத் தவறைப் பெருமளவு குறைக்கும், முழுக்கப் போக்காது. ஆகவே ரொம்பச் சின்னதைச் சேர்க்காதீர்கள்.

முதலில் ஒவ்வொரு பையிலிருந்தும் ஒரே ஒரு சிப்பியின் விகிதத்தை வரைபடத்தில் புள்ளி வையுங்கள். பல சமயம் அது ஏறுகிற மாதிரியோ இறங்குகிற மாதிரியோ ஒரு "போக்கு" காட்டும். பிறகு பத்தின் சராசரியை வையுங்கள். நாலு புள்ளியும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில், சற்று மேலும் கீழுமாக ஆடும். எல்லாம் ஒரே கடற்கரைச் சிப்பிகள்தானே. அந்த ஆட்டத்தோடு கூடிய மட்டம்தான் சமநிலை. ஆடாமல் உறைந்துபோவது அல்ல. ஒவ்வொரு அடுக்கிலும் ஒரே ஒரு எலும்பை வைத்துக்கொண்டு "மெதுவாக மாறியது", "திடீரென மாறியது" என்று பேசுபவர்களை ஏன் நம்பக் கூடாது என்பதும் இதிலேயே தெரிந்துவிடும்.

உயிரோடு இருக்கும் விலங்கில் இதே ஆட்டம் நடப்பதற்குக் காலாபகோஸ் தீவுகளின் டாஃப்னே மேஜரில் பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் அளந்த குருவிகளைச் சொல்லுங்கள். 1977 வறட்சியில் பெரிய கடின விதைதான் மிஞ்சியது. தடித்த அலகுக் குருவிகள் பிழைத்தன, சராசரி அலகுத் தடிமன் சுமார் அரை மில்லிமீட்டர் கூடியது. 1983 பெருமழைக்குப் பின் சின்ன விதை நிறைந்ததும் மாற்றம் எதிர்ப்பக்கம் திரும்பியது. சில ஆண்டுகளில் இவ்வளவு மாற்றம், ஆனால் நிகர லாபம் சொற்பம். பத்து லட்சம் ஆண்டு கழித்துத் தோண்டுபவருக்கு இது நேர்க்கோடாகத்தான் தெரியும். பிறகு மாற்றம் எப்படி நிலைக்கிறது? டக்ளஸ் ஃபுட்டாய்மா 1987ல் ஒரு விடை சொன்னார்: கூட்டங்கள் ஒன்றோடொன்று கலந்து இனப்பெருக்கம் செய்யும்வரை உள்ளூர் மாற்றம் கரைந்துபோகும். சிற்றினமாகப் பிரிந்துவிட்டால் கலப்பு நின்று, மாற்றம் பூட்டப்பட்டுவிடும்.

மீதிக் கேள்விகள்

"இடைவடிவம் கிடையாது என்று கூல்டே ஒத்துக்கொண்டாரே" என்பது அடிக்கடி வரும். அவர் 1981ல் எழுதியது இதற்கு நேர் எதிர்: இடைவடிவங்கள் பொதுவாகக் குறைவாக இருப்பது சிற்றின மட்டத்தில், பெரிய குழுக்களுக்கு இடையே அவை ஏராளம். பெரிய குழுவுக்கு நம் நாட்டு உதாரணமே போதும். ஜம்மு காஷ்மீரின் காலாகோட்டில் எடுத்த இந்தோஹையஸ், திமிங்கலங்களின் நெருங்கிய நிலவாழ் உறவு என்று 2007ல் தெரியவந்தது. கட்ச் பகுதியில் குட்சிசெட்டஸ் போன்ற கால் உள்ள திமிங்கலங்கள் கிடைத்திருக்கின்றன.

இந்தக் கோட்பாடு டார்வினைத் தோற்கடித்ததா? "சிற்றினங்களின் தோற்றம்" நூலின் 1866ல் வந்த நாலாம் பதிப்பிலேயே டார்வின் சேர்த்துவிட்டார், சிற்றினங்கள் மாறும் காலம் ஆண்டுக் கணக்கில் நீண்டதானாலும், மாறாமல் இருக்கும் காலத்தோடு ஒப்பிட்டால் குறுகியதாக இருக்கலாம் என்று. சிவாலிக் மலைப் புதைபடிவங்களில் உழைத்த ஹியூ ஃபால்கனர், அழிந்துபோன யானை வகையான மாமத்தின் கடைவாய்ப்பல் நெடுங்காலம் மாறாமல் இருந்ததை 1863லேயே எழுதியிருந்தார். இயற்கைத் தேர்வு இந்தக் கோட்பாட்டில் அப்படியே இருக்கிறது. கேள்விக்கு உள்ளானது, எல்லாம் சீரான வேகத்தில் நகரும் என்ற எதிர்பார்ப்பு.

விண்கல் விழுந்து டைனோசர் அழிந்தது, கேம்ப்ரியன் காலத்தில் விலங்குக் குழுக்கள் பெருகியது ஆகியவற்றை இதற்கு உதாரணமாகச் சொல்லாதீர்கள். அவை வேறு அளவு, வேறு காரணம். ரிச்சர்ட் லென்ஸ்கி ஆய்வகத்தில் ஆயிரக்கணக்கான தலைமுறைகள் வளர்த்த பாக்டீரியாவில் செல் அளவு ஏணிப்படி போலத் தாவித் தாவிக் கூடியதற்கும் இதற்கும் பெயர்தான் ஒத்திருக்கிறது. அங்கே சிற்றினம் கிளைக்கவில்லை.

"ஆதாரம் இல்லாததற்கு இது ஒரு சாக்கு" என்று சொன்னால், மாறாமையை அளந்தவர்களைக் காட்டுங்கள். ஆலன் சீதம் கரீபியன் பகுதியின் மெட்ரராப்டோட்டஸ் என்ற பிரையோசோவாவை (கூட்டமாக ஒட்டி வாழும் சிறு கடல் விலங்கு) அளந்து 1986ல் வெளியிட்டார். மெதுமாற்றம் தெரியும் என்று எதிர்பார்த்துத்தான் தொடங்கினார். கிடைத்தது நீண்ட மாறாமையும் குறுகிய கிளைத்தலும். ஆனால் எல்லா உயிரும் இப்படித்தான் என்றும் சொல்லிவிடக் கூடாது. அடுத்த ஆண்டே பீட்டர் ஷெல்டன் வேல்ஸ் நாட்டு டிரைலோபைட்டுகள் சுமார் 15,000 எடுத்து, எட்டு மரபுவரிசைகளில் வால்பகுதி வரிகள் மெதுவாக மாறியதைக் காட்டினார். 2007ல் ஜீன் ஹன்ட் 250க்கும் மேற்பட்ட அளவுத் தொடர்களைச் சோதித்தபோது, ஒரே திசையில் தொடர்ந்து நகர்ந்தவை சுமார் 5 சதவீதம். மீதியில், குறிப்பிட்ட திசையில்லாமல் அலைந்து நகர்ந்தவையும் ஒரே மட்டத்தில் நின்றவையும் ஏறக்குறைய சரிபாதி.

பாடம் ஏறியதா என்று பார்க்க

தேர்வு வேண்டாம், மூன்று கேள்வி போதும். கயிற்றில் சிவப்புப் பகுதிக்குள் எத்தனை தலைமுறை சிப்பிகள் பிறந்திருக்கும், ஆண்டுக்கு ஒரு தலைமுறை என்றால்? 40,000 என்று வர வேண்டும். "ஒன்று" என்று யாராவது சொன்னால் டி விரீஸ் இன்னும் போகவில்லை, பத்தி போட்ட பலகைக்குத் திரும்புங்கள். இரண்டாவது, படத்தில் செங்குத்துக் கோட்டைத் தொட்டு "இங்கே என்ன நடந்தது?" என்று கேளுங்கள். "ஒன்றும் நடக்கவில்லை" என்பது பாதி விடை. "ஆடிக்கொண்டிருந்தது, நகரவில்லை" என்றால் முழு விடை.

மூன்றாவதை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போகும்போது கேட்கலாம். 1851ல் தொடங்கிய இடம், நிலவியல் பிரிவு உண்டு. ஏதாவது ஒரு புதைபடிவத்தின் முன் நிறுத்தி, "இந்தச் சிற்றினம் மெதுவாக மாறியதா, இடையிட்ட சமநிலையா?" என்று கேளுங்கள். "இது ஒன்றை வைத்து எப்படிச் சொல்வது? மேல் அடுக்கிலும் கீழ் அடுக்கிலும் இதே வகையில் பத்துப் பத்தாவது வேண்டும், வேறு ஊரிலிருந்தும் வேண்டும்" என்று ஒரு பிள்ளை திருப்பிக் கேட்டால், அந்தப் பிள்ளை மற்றவர்களுக்குக் கயிறு கட்டிக் காட்டலாம்.